மேடைக்கு முன்னால் ஒரு சைக்கிள்

ஊர்வல வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி, வானத்தில் பறந்து படம் பிடிக்க டிரோன், லாரி எங்கே நிற்கிறது என்று கைப்பேசியில் காட்டும் புள்ளி, எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. எங்கள் காலத்தில் ஒரு விசிலும் ஒரு தொண்டையும்தான். அந்தத் தொண்டை இப்போது என்ன கதியில் இருக்கிறது என்பது என்னோடு போனில் பேசியவர்களுக்குத் தெரியும்.

ஆகவே கருவிகளைப் பற்றி எழுதப் போவதில்லை. பல்லக்குக்கு எத்தனை முழம் பூ, லாரிக்கு எத்தனை விளக்கு என்பதையும் நீங்கள் வேலையிலேயே கற்றுக்கொள்வீர்கள். ஊர்வலம் கிளம்பப் போகிற கடைசி நேரத்தில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வரும். அதைக் கேட்டு உங்கள் ஆள் ஒருவர் முகம் செத்துப்போய் நிற்பார். அப்போது என்ன செய்வது? அதை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரமாட்டார்கள். எனக்கு அதைக் கற்றுத் தந்தது ஒரு சைக்கிள்.

பாச்சாங்கில் எங்கள் கொட்டகை இருந்தபோது கோயில் ரதம் ஜோடிப்போம், கல்யாண மேடை போடுவோம், ஆகஸ்டு மாதம் வந்தால் இந்த மலாய் நாட்டின் சுதந்திர தின அணிவகுப்புக்கு லாரி அலங்கரிப்போம். ஒரு வருஷம் நம் இந்தியர்கள் சார்பாகப் போகும் குழுவை ஏற்பாடு செய்து தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. ‘நாட்டின் விடுதலையில் நம் பங்கு’ என்பது தலைப்பு. ஏற்பாட்டுக் குழுவின் தலைவர் முதல் கூட்டத்திலேயே முடிவோடு வந்திருந்தார்.

"ஒரு ரப்பர் மரம், பால் வாளியோட ஒரு பொம்பள, பின்னாடி பரதநாட்டியம் நாலு பேரு. போதும்லா சரோஜா. வருஷா வருஷம் அதானே?"

வருஷா வருஷம் அதுதான். அந்தப் பிளாஸ்டிக் மரத்துக்கு நானே மூன்று தடவை பெயிண்ட் அடித்திருக்கிறேன். எனக்கு எரிச்சல் வந்தது. நம் பிள்ளைகள் படிக்கிற சரித்திரத்தில் சுதந்திரம் என்பது கோட்டுப் போட்டவர்கள் மேசையில் உட்கார்ந்து பேசி வாங்கியது. அது பொய்யில்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரன் ஏன் பேச வந்தான்? தோட்டத்திலும் துறைமுகத்திலும் சுரங்கத்திலும் சனங்கள் பழையபடி குனிய மாட்டார்கள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அதற்காக வேலையை நிறுத்தியவர்கள், அடி வாங்கியவர்கள், சிறைக்குப் போனவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அவர்களை விட்டுவிட்டு நாம் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறோம். இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

தலைவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து என்னிடம் வந்தார். பாயா ரும்புட்டில் மகன் வீட்டில் இருந்தவர், லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டிய வயது. எல்லாரும் அவரை முத்தண்ணன் என்பார்கள். மருமகள் குழுவில் இருந்ததால் அவளைக் காரில் கொண்டுவந்து விட வந்திருந்தார்.

"எங்கப்பா கத ஒண்ணு இருக்கு. சொன்னா சிரிப்பீங்களோ என்னமோ" என்று ஆரம்பித்தார்.

மஸ்ஜித் தானா பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அவர் அப்பா கருப்பையா மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் ஒரு வழக்கம். தொழிலாளி சைக்கிளில் போகும்போது எதிரே துரை வந்தால், காரில் வந்தாலும் சரி, நடந்து வந்தாலும் சரி, சைக்கிளை விட்டு இறங்கி, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் போகும்வரை ஓரமாக நிற்க வேண்டும். ஜப்பான்காரன் வந்தபோது அதே துரைமார்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடியதைத் தோட்டத்துச் சனங்கள் கண்ணால் பார்த்தார்கள். யுத்தம் முடிந்து துரை திரும்பி வந்தார். சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கமும் அவரோடு திரும்பி வந்தது. கருப்பையா இறங்கவில்லை.

"துரையத் திட்டியிருக்காரா?" என்று கேட்டேன்.

"சே, வாயே தொறக்கலயாம். தலைத்துண்டோட நெஞ்ச நிமிர்த்திக்கிட்டு ஓட்டிப் போயிருக்காரு. அம்புட்டுத்தான்."

தோட்டத்தை விட்டு வெளியே போகச் சொன்னார்கள். அவருக்காக மற்றவர்கள் வேலையை நிறுத்தினார்கள். போலீஸ் வந்தது, கருப்பையாவைப் பிடித்துச் சிறையில் வைத்தது, பிறகு இந்தியாவுக்கே திரும்பிப் போ என்று கப்பலேற்றி விட்டது. அவர் அங்கேயே செத்துப்போனார். இங்கே மனைவியும் இரண்டு பிள்ளைகளும் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, சொந்தக்காரர்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஒண்டிக்கொண்டார்கள். ஒரு சைக்கிளுக்காகக் குடும்பத்தை நடுத்தெருவில் விட்ட பைத்தியக்காரன் என்று அந்தச் சொந்தங்கள் பேசியதைக் கேட்டே பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

"எங்கக்கா இன்னிக்கு வரைக்கும் அப்பான்னு சொல்ல மாட்டா தங்கச்சி. ‘அந்த ஆளு’ம்பா. அதுக்கு எண்பது ஆகப்போவுது. அது கண்ண மூடறதுக்குள்ள, அவரு கிறுக்கன் இல்ல, இந்த நாட்டுக்குத்தான் அவரும் எதுவோ செஞ்சிருக்காருன்னு ஒரு தடவ பத்து சனத்துக்கு முன்னாடி அது கேட்டுரணும்."

நான் சிரிக்கவில்லை. அந்த வருஷம் பிளாஸ்டிக் மரம் கொட்டகையிலேயே கிடந்தது.

இனி எங்கள் லட்சணத்தைக் கேளுங்கள். ஒரு சைக்கிள் கடையின் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த பெரிய பழைய சைக்கிள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தோம். கோயில் ரதம் செய்து பழகிய கைகள் அல்லவா? எங்கள் ஆட்கள் அதைத் துடைத்து, மெருகேற்றி, லாரியின் நடுவில் பீடம் கட்டி ஏற்றி, கம்பியால் இறுக்கி, சாமந்தி மாலை போட்டு, பின்னால் சுற்றும் வண்ண விளக்கும் வைத்துவிட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் ஹாண்டிலில் சந்தனம் குங்குமமும் வைத்திருந்தான். பார்க்க அழகாக இருந்தது. பெருமையோடு முத்தண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் லாரியைச் சுற்றி வந்தார். பெடலை ஒரு விரலால் தள்ளினார். கம்பி கட்டியிருந்ததால் அது நகரவில்லை.

"எங்கப்பா சாமி இல்லம்மா. இது என்ன, மாலையப் போட்டுக் கட்டி வச்சிருக்கீங்க? அவரு பண்ணது ஒண்ணே ஒண்ணுதான். நிக்காம ஓட்டுனாரு. இது ஓடணும்."

எனக்குச் சுருக்கென்றது. நாம் ஜோடிக்கிறவர்கள். எதைக் கொடுத்தாலும் உயரத்தில் ஏற்றி, விளக்குப் போட்டு, அசையாமல் நிறுத்திவிடுவோம். நம் தொழிலில் இந்தப் புத்தி சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், கவனமாக இருங்கள். ஒருவர் தன் கதையைக் கொண்டுவந்தால், அதில் எந்த இடத்தில் உயிர் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள், பூக்கடைக்குப் பிறகு போகலாம்.

பீடத்தைக் கழற்றினோம், லாரியே வேண்டாம் என்றாகிவிட்டது. முத்தண்ணன் முன்னால் சைக்கிள் ஓட்டிப் போவார், பின்னால் இளைஞர்கள் பழைய தோட்ட உடுப்பில் சைக்கிளில் வருவார்கள் என்று மாற்றினோம். அவர் பாயா ரும்புட்டில் வீட்டுத் தெருவில் ஓட்டிப் பழகினார். "இந்த வயசுல ஆஸ்பத்திரிச் செலவு வைக்கப்போறாரு" என்று அவர் மனைவி வாசலில் நின்று திட்டுவார், பிறகு முழங்காலுக்குத் தைலமும் தேய்த்துவிடுவார். அக்கா பேச்சியம்மாவிடம் மட்டும் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. ஊர்வலம் பார்க்கப் போகலாம் என்று மட்டும் சொல்லி வைத்தார்கள்.

நாள் வந்தது. பண்டார் ஹிலிரில் காலையிலேயே கூட்டம். சுதந்திரம் எந்த நாளில் என்று முதன்முதலில் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது அந்த ஊரில்தான் என்பதால், அங்கே அணிவகுப்பு என்றால் எனக்கு எப்போதும் ஒரு சிலிர்ப்பு. எங்கள் குழு வரிசையில் நின்றது. முத்தண்ணன் காக்கி அரைக்கால் சட்டையும் தலைத்துண்டுமாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சியம்மாவும் குடும்பமும் பிரமுகர்கள் உட்காரும் மேடைக்குச் சற்றுத் தள்ளிக் கயிற்றுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

அப்போதுதான் என்னோடு வேலை பார்த்த தினேஷ் ஓடி வந்தான்.

"சரோக்கா, புது ஆர்டர். சைக்கிள்ல போறவங்க எல்லாம் மேடைக்கு முன்னாடி இறங்கி, தள்ளிக்கிட்டுத்தான் போகணுமாம்."

முந்தின நாள் ஒத்திகையில் ஒரு பள்ளிக்கூட சைக்கிள் குழுவில் ஒரு பெண் சறுக்கி விழுந்திருக்கிறாள். பின்னால் வந்த பேண்டு வாத்தியக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோத, பெரிய டிரம் சாலையில் உருண்டு போயிருக்கிறது. அதனால் இந்த உத்தரவு. யார்மேலும் தப்பில்லை.

ஆனால் முத்தண்ணன் அதைக் கேட்டுவிட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகத் தலைத்துண்டை அவிழ்த்து மடித்தார்.

"மேடையில பெரியவங்க உக்காந்திருக்காங்க, நான் இறங்கித் தள்ளிக்கிட்டுப் போவணும், அதானே? எங்கக்கா பாக்க. வேணாம்மா. நான் வீட்டுக்குப் போறேன். ஒங்க மேல கோவம் இல்ல."

தலைவர் பதறினார். "அண்ணே, ரெண்டு நிமிஷம்லா. இறங்கி ஏறிக்குங்க. அது வேற காலம், இது வேற காலம். இப்ப யாரு துரை?" தினேஷ் என் காதில் வேறொரு யோசனை சொன்னான். "அக்கா, பேசாம ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லுங்க. அத்தன பேரு முன்னாடி யாரு நிப்பாட்டப் போறா?"

இரண்டும் கெட்ட யோசனைகள். தலைவர் சொன்னபடி அவர் இறங்கினால், அவர் அப்பா கப்பலேறியதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். தினேஷ் சொன்னபடி ஓட்டிப் போய், காவலர் ஒருவர் பாய்ந்து ஹாண்டிலைப் பிடித்துவிட்டால், பெற்ற பிள்ளைகளுக்கும் அக்காவுக்கும் முன்னால் அவரை இழுத்து இறக்கியதாகிவிடும். அதைவிட அவர் வீட்டுக்குப் போவதே மேல். "அண்ணே, துண்டக் கட்டிக்குங்க. நான் வர்ற வரைக்கும் எங்கயும் போகாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஊர்வல ஒழுங்குக்குப் பொறுப்பான அதிகாரியைத் தேடி ஓடினேன்.

சீருடை போட்ட மலாய்க்காரப் பெண்மணி, பெயர் ரொஹானி. இரண்டு ரேடியோவில் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சைக்கிள் பற்றி என்றால் முடியாது" என்று மலாயில் வெட்டினார்.

வழியெல்லாம் நான் சண்டைக்குத்தான் வசனம் தயாரித்துக்கொண்டு போனேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன். வியர்வையும் தூக்கமில்லாத கண்ணுமாக இருந்தார். முந்தின நாள் டிரம் உருண்டதற்கு யாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாரோ, பாவம். உத்தரவு சரியா தப்பா என்று நான் பேசவில்லை. ‘அம்மா’ என்று மலாயில் மரியாதையாக விளித்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"புவான், எங்கள் ஆள் ஓட்டினால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள்?"

அவர் ஒரு ரேடியோவை இறக்கினார். "விழுந்தால்? பின்னால் வருகிற பேண்டு நிற்க முடியாது. அதற்குப் பின்னால் லாரிகள். போன தடவை ஒரு டிரம். இந்தத் தடவை ஒரு கிழவர் என்றால்?"

இப்போது எனக்குப் பிடி கிடைத்தது. அவருடைய பயம் பின்னால் வருகிறவர்களைப் பற்றியது. சைக்கிளைப் பற்றியதே இல்லை.

"அப்படியானால் எங்களுக்குப் பின்னால் யாரும் வரவேண்டாம். நடந்து போகும் குழுக்களில் எங்களைக் கடைசியாகப் போடுங்கள். நாங்கள் மேடையைத் தாண்டிய பிறகு லாரிகளை விடுங்கள்."

"கடைசியில் போனால் டிவி நேரலை முடிந்திருக்கும். தெரியுமா?"

தெரியும். தலைவர் அந்த முன்வரிசை இடத்துக்காக எத்தனை பேரைப் பார்த்தார் என்பதும் தெரியும். அவரைக் கேட்க நேரமில்லை. கேட்டாலும் மறுப்பார். "பரவாயில்லை" என்றேன். பிறகுதான், லாரிகளை ஏன் காக்க வைக்கச் சொல்கிறேன் என்று அந்த அதிகாரிக்குத் தெரிய வேண்டுமே என்று, கருப்பையாவின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். ரொஹானி தூரத்தில் நின்ற முத்தண்ணனைப் பார்த்தார். ஒரு ரேடியோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை.

"ஒருவர் மட்டும். மற்றவர்கள் ஓட்டக் கூடாது. அவர் விழுந்தால் எனக்குத்தான் சிக்கல், புரிகிறதா?" என்றார்.

திரும்பி வந்து சொன்னதும் இளைஞர்கள், "அப்ப நாங்க தள்ளிக்கிட்டு வரவா அக்கா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால் இறங்கியது போலத்தான் இருக்கும். எல்லாரும் சைக்கிளை மரத்தடியில் போட்டுவிட்டுக் கைவீசி அவர் பின்னால் நடந்து வரச் சொன்னேன். அன்று கருப்பையாவுக்காக வேலையை நிறுத்திய சனங்களும் அப்படித்தானே நடந்திருப்பார்கள்? அதுவரை சரியாக அமையாமல் இருந்த எங்கள் குழு அந்த நிமிஷத்தில்தான் அமைந்தது. தலைவர் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியாகக் கிளம்பினோம். எங்களுக்கு முன்னால் போன பேண்டின் சத்தம் தேய்ந்து, பின்னால் லாரிகள் காத்து நிற்க, நடுவில் வெறும் சாலை. முத்தண்ணன் ஏறி மிதித்தார். முதலில் ஹாண்டில் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடியது. நான் கயிற்றின் ஓரமாகவே ஓடினேன், வாயில் வராத சாமி பெயர் இல்லை. பிறகு சக்கரம் நேராயிற்று. அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் மலாயில் நான் எழுதிக் கொடுத்திருந்ததை வாசித்தார். துரையைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்க மறுத்ததற்காக நாடு கடத்தப்பட்ட தோட்டத் தொழிலாளி கருப்பையாவின் மகன் இதோ வருகிறார், என்று. மேடையில் சிலர் கைதட்டினார்கள். சிலர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதனால் என்ன? யாரும் அவரை இறங்கச் சொல்லவில்லை.

மேடையைத் தாண்டியதும் பேச்சியம்மா உட்கார்ந்திருந்த இடம். அந்த அம்மாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். பக்கத்திலிருந்த பேத்தியின் தோளைப் போட்டு உலுக்கினார்.

"அப்பா பேருடி! அப்பா பேரச் சொல்றாங்கடி மைக்குல! பாரு, அப்பா மாரியே ஓட்டிக்கிட்டுப் போறான் பாரு!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலை நேரத்தில் அழக்கூடாது என்று உங்களுக்குச் சொல்வார்கள். ஆட்களை எண்ணிச் சரிபார்த்த பிறகு அழலாம் என்பது என் கட்சி. அன்று எண்ணுவதற்கு முன்பே அழுதேன்.

சாலை முடிவில், குழுக்கள் கலையும் இடத்தில் ரொஹானி நின்றிருந்தார். குறுக்கு வழியில் ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. கிழவர் விழவில்லை என்பதைத் தன் கண்ணாலேயே பார்க்க வந்திருந்தார். முத்தண்ணன் அவரைப் பார்த்ததும் பிரேக் பிடித்தார், காலை ஊன்றிச் சைக்கிளை விட்டு இறங்கினார், தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ரொஹானி பதறிப்போனார். அந்தக் கதை தெரிந்தவர் அல்லவா? "வேண்டாம் பாக்சிக், இறங்காதீர்கள், இறங்காதீர்கள்" என்று மாமா முறை வைத்துக் கூப்பிட்டு இரண்டு கையையும் ஆட்டினார்.

முத்தண்ணன் தனக்குத் தெரிந்த கடைத்தெரு மலாயில் சிரித்துக்கொண்டே சொன்னார், "யாரும் இறங்கச் சொல்லல புவான். இது நானா இறங்குனது."

யாரோ ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்கள். முத்தண்ணன் சைக்கிளை எங்கே சாய்ப்பது என்று சுற்றிலும் பார்த்தார். ரொஹானி இரண்டு ரேடியோவையும் இடுப்பில் செருகிவிட்டு முன்னால் வந்து ஹாண்டிலை வாங்கிக்கொண்டார். முத்தண்ணன் நிழலில் உட்கார்ந்து நிதானமாகத் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை, சீருடையோடு வெயிலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.